ரக்பிக்காரனின் பிறந்த ஊர்

இலங்கை அணிக்காக நான் நான்கு வருடம் ரக்பி ஆடினேன். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை மறித்துச் சாய்க்கும் ஆட்டம் அது. அந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கொழும்பில் கடை. ஆனாலும் எங்கள் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு அம்மா கப்பலேறி, திருமயம் பக்கம் இருந்த தாய்வீட்டுக்கு வந்தாள். என்னைப் பெற்று, மூன்றாம் மாதம் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அந்த மூன்று மாதம்தான் என் தலையில் விடிந்தது.

குடியுரிமை கேட்டுப் போய் நின்றபோது அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். என் ஆட்டத்தை வாய் நிறையப் புகழ்ந்தார். பிறகு உட்கார்ந்து, பிறந்த இடம் இந்தியா என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். தோள் முறிந்தபோது மட்டும் அது எந்த நாட்டு எலும்பு என்று நான் அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'தேங்க் யூ சார்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் ஊருக்கே வந்து சேர்ந்தேன். பொங்கலுக்குப் பக்கத்து ஊரோடு சடுகுடு. ஆளைப் பிடித்துச் சாய்ப்பதுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கள் ஊர் அணியின் தலைவன் கோட்டருகிலேயே மறித்தான்.

"அங்கிட்டு ஒக்காந்து பாருங்கண்ணே. இந்த ஊர்ல பொறந்தவங்கதான் எறங்கணும். நீங்க சிலோன்காரருல்ல?"

நான் பிறந்த வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் அவனுடைய ஆட்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.