மூன்றடி வாசலுக்கு முப்பத்தாறு அடி

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், தென்காசியில் என் வீட்டு வாசலில் நடந்தது இது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சித்தாளாக மண் சுமந்து, கொத்தனாராகி, காண்டிராக்டர் ஆனவன். சுந்தரபாண்டியபுரம் முதல் சிவகிரி வரை நான் கட்டிய வீடுகளில் ஒரு விரிசல் காட்டுங்கள் பார்ப்போம். என் சொந்த வீட்டை ரோட்டிலிருந்து மூன்றடி உயர்த்தி, கருப்பு கிரானைட்டில் ஏழு படி வைத்தேன். போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே ஒரு விபத்தில் மருமகனுக்கு இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அதன்பின் முதல் முறையாக ஊருக்கு வந்தார்கள். மனைவி ஆரத்தித் தட்டோடு மேலே நிற்க, நாலு ஆட்களை விட்டு மருமகனைச் சக்கர நாற்காலியோடு தூக்கச் சொன்னேன். மூன்றாம் படியில் நாற்காலி சரிந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"இறக்கச் சொல்லுங்க மாமா. என்னையச் சப்பரம் மாதிரி தூக்காதிய," என்றார் மெதுவாக.

குற்றாலத்தில், படியே இல்லாத ஒரு லாட்ஜுக்குப் போவதாக முடிவு செய்துவிட்டார். மகளும் காரில் ஏறினாள்.

"அங்கன அவிய தனியா பஸ் ஏறி வேலைக்குப் போறாவ. நம்ம வீட்டுக்குள்ள வர நாலு ஆளு வேண்டியிருக்கு. அவிய ஏற முடியாத வீட்டுல எனக்கு மட்டும் என்னப்பா சோறு?"

இனி இந்த வாசலை மகள் மிதிக்கவே மாட்டாளோ என்று பயந்தேன். ஆனாலும் நான் விடுகிற ஆளா? ஒரே நாளில் படிக்குப் பக்கத்தில் ஏழடி நீளத்துக்குச் சரிவு போட்டு, லாட்ஜுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

"ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும் மாமா. அங்க சட்டமே அப்படித்தான்," என்றார் மருமகன். கட்டடம் கட்டுகிற எனக்கே சட்டமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சட்டம் சும்மா வரவில்லையாம். நடக்க முடியாதவர்கள் நாற்காலியை விட்டிறங்கி, அந்த நாட்டு நாடாளுமன்றப் படிகளில் கையை ஊன்றித் தவழ்ந்து ஏறிக் காட்டினார்களாம். அதன் பிறகுதான் பஸ், ஆபீஸ், கடை என்று எல்லா இடத்திலும் அவர்களுக்கு வழி பிறந்ததாம். எத்தனையோ படி கட்டியிருக்கிறேன். அதில் ஏற முடியாதவனை ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் ஏழடியே போதும் என்று காட்டிவிடும் வீம்பு மட்டும் போகவில்லை. அவரையும் மகளையும் வாசல் வரை அழைத்து வந்து, அவரைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு, அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்து சரிவில் ஏறினேன். பாதியில் கை சோர்ந்தது. நாற்காலி பின்பக்கமாக ரோட்டை நோக்கி உருண்டது. மினி பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. மகள் ஓடிவந்து முதுகைக் கொடுத்து நிறுத்தியிருக்காவிட்டால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"ஊருக்கெல்லாம் மட்டம் பாத்த மனுசன், சொந்த வாசல்ல கோட்டைய விட்டாச்சு," என்றாள் மனைவி, பயம் தெளிந்த பிறகு.

அன்றே கடப்பாரையை எடுத்தேன். அந்தச் சரிவும் போயிற்று, என் கிரானைட் படியில் பாதியும் போயிற்று. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போய், நடுவில் இளைப்பாற ஒரு சமதளம் விட்டு, திரும்பி வாசலுக்கு வந்தது. ஈரக் கான்கிரீட்டில் சாரல் விழாமல் நானும் மனைவியும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பத்து நாள் கழித்து மருமகன் வந்தார். யாரும் தொடவில்லை. சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஏறினார். திருப்பத்தில் ஒருமுறை நின்றார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறி, வாசலைத் தாண்டி உள்ளே போய், "அத்தை, காப்பி தாங்க," என்றார். அப்போதுதான் மூச்சு விட்டேன். அன்று மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்படி ஒரு சரிவு ஜில்லாவிலேயே கிடையாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் அதைப் புகழ்ந்தாலும், நான் பார்த்தேயிராத ஒரு ஊரில் படியில் தவழ்ந்து ஏறியவர்கள்தான் என் மகளை என் வீட்டுக்குள் கூட்டிவந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.