பெட்டி ரிலீஸ் ஆகாத வருஷம்

அந்த வருஷம், ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் ஒரு வீடியோ கேம் பெட்டியைப் பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை, படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் என் மாமா குவைத்தில் இருந்தார். பெட்டி ரிலீஸ் ஆனதும் முதல் வேலையாக வாங்கிக்கொண்டு ஊருக்கு வருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒருத்திக்குத் தெருவில் மதிப்பு வர இதற்கு மேல் என்ன வேண்டும்? என்னைவிட இரண்டு தலை உயரமான பையன்கள் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள்.

மாமா என்பது அம்மாவின் கடைசித் தம்பி. என் அக்காவை அவருக்குத்தான் கொடுப்பது என்பது அக்கா தூளியில் கிடந்தபோதே முடிவான விஷயம். எங்கள் பக்கத்தில் தம்பிக்குப் பெண் கொடுப்பதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. குவைத்தில் டிரைவர் வேலை, இரண்டு வருஷக் காண்ட்ராக்ட், முடித்துவிட்டு வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. மாமாதான் வரவில்லை. புதிதாக ஒரு கேம் பெட்டி வரப்போகிறது, அது ரிலீஸ் ஆகட்டும், பாப்பாவுக்கு வாங்கிக்கொண்டே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக, பெட்டி வந்தால் மாமா வருவார், மாமா வந்தால் அக்காவுக்குக் கல்யாணம். இந்த வரிசையில் எனக்கு முதல் விஷயம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

மாமா வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார். அங்கே அன்றைக்குத்தான் லீவு. எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் வரும். பூத்துக்காரர் கெட்டிக்காரர். முன்பக்கம் கண்ணாடிக் கூண்டுக்குள் போனை வைத்துவிட்டு, பின்பக்கம் தட்டி கட்டி மறைத்து இரண்டு பழைய டிவிகளைப் போட்டு, கேசட் கேம் நடத்திக்கொண்டிருந்தார். கார் ஓட்டுகிற ஆட்டம் ஒன்று, டாங்கியால் செங்கல் சுவரை உடைக்கிற ஆட்டம் ஒன்று. புதுப் பெட்டி வந்தால் இந்த இரண்டையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று பையன்கள் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நான்கு பேரும் குளித்து, தலை வாரி, கோயிலுக்குப் போகிற மாதிரி பூத்துக்குப் போவோம். முதலில் அப்பா பேசுவார், அவரை நாங்கள் நைனா என்போம். எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடியது. தறிச் சத்தத்திலேயே வாழ்கிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. நைனா ரிசீவரைப் பிடித்தால், இவருக்கு எதற்கு போன், இங்கிருந்தே கூப்பிட்டால் குவைத்தில் கேட்குமே என்று பூத்துக்காரர் சிரிப்பார். அடுத்து அம்மா. அம்மா பாதி நேரம் அழுவாள், மீதி நேரம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். அக்கா கூண்டுக்கு வெளியே, என் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். கல்யாணம் பேசி முடித்த பெண் பெரியவர்கள் எதிரில் மாப்பிள்ளையிடம் போனில் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கடைசியாக ரிசீவர் என் கைக்கு வரும். அப்போது பின்னாலிருந்து இடுப்பில் ஒரு கிள்ளு விழும்.

"பொட்டி எப்ப வருதாம்னு கேளு."

"மாமா, பொட்டி வந்துச்சா?"

"இன்னும் ரிலீஸே ஆவல பாப்பா. தள்ளிப் போட்டுட்டாங்களாம்."

"ஏன் மாமா?"

மாமா, "தெரியலியே பாப்பா. அங்க பசங்க இன்னா பேசிக்கிறாங்க?" என்பார்.

குவைத்தில் இருக்கிற மாமா நகரிப் பையன்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியாது. வாரம் பூராவும் தட்டிக்குப் பின்னால் போய் நின்று செய்தி சேகரிப்பேன். அங்கே செய்திக்குப் பஞ்சமே இல்லை. பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது என்று ஒருவன் சொன்னான். அந்தப் பெட்டியை மாட்டினால் டிவி சூடாகி வெடித்துவிடுகிறது, அதனால் சர்க்காரே நிறுத்தி வைத்திருக்கிறது என்றான் லாரி டிரைவர் மகன். ஜப்பானில் பெட்டிக்காக ஜனங்கள் வைகுண்ட ஏகாதசிக்குத் திருப்பதி மலையில் நிற்கிற மாதிரி ஷெட்டு ஷெட்டாக அடைந்து கிடக்கிறார்கள், கதவைத் திறந்துவிட ஆள் இல்லை என்று இன்னொருவன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், இந்தப் பெட்டிக்குக் கேசட்டே கிடையாது, வெள்ளித் தட்டு மாதிரி ஒன்றைத்தான் உள்ளே வைக்க வேண்டும் என்றான். அவனை மட்டும் எல்லோரும் கேலி செய்து விரட்டினோம். பின்னாளில் உண்மையாகிப் போனது அது ஒன்றுதான்.

சேகரித்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை மாமாவிடம் ஒப்பிப்பேன்.

"மாமா, கப்பல் நின்னு போச்சாமே?"

"ஆமாமா, அதான் பாப்பா. அதான் சொல்லிக்கிறாங்க."

அவ்வளவுதான். தட்டிக்குப் பின்னால் ஓடிப்போய், குவைத்திலேயே சொல்லிவிட்டார்கள், கப்பல்தான் காரணம் என்பேன். ஒரு வாரத்துக்குக் கப்பல். அடுத்த வாரம் டிவி வெடிப்பு. வதந்தி நகரியில் புறப்பட்டு, குவைத் போய், உண்மையாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. தசராவுக்கு ரிலீஸ் என்றார்கள், தீபாவளிக்குத் தள்ளிப்போனது. தீபாவளி சங்கராந்தி ஆனது, சங்கராந்தி உகாதி ஆனது. பெட்டி வருகிற அன்றைக்கு அதற்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று பையன்கள் தீர்மானம் போட்டார்கள். யார் முதலில் ஆடுவது என்பதை நான் சொல்வேன் என்பதும் தீர்மானம்.

அந்த நாட்களில் அக்காவுக்கும் பெட்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைப்பதற்குள், தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே, "இன்னைக்குப் பசங்க இன்னா சொன்னாங்க?" என்பாள். நான் ஒன்று விடாமல் சொல்வேன். சமையலறையில் அம்மாகூட இவ்வளவு அக்கறையாக என் பேச்சைக் கேட்டதில்லை. எனக்கு மனசு நிறைந்துவிடும். எனக்கு அடுத்த ஆட்டம் உனக்குத்தான் அக்கா என்று சொல்லி வைத்தேன். சரி என்றாள்.

உகாதியும் போனது. புத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் கேட்டு வந்தார்கள். தம்பி இருக்கும்போது வேறு இடமா என்று அம்மா அவர்களைக் காபியோடு அனுப்பிவிட்டாள். அன்று நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து, "பொண்ண ஊட்ல வெச்சிக்கினு எத்தினி நாளு பொட்டி பொட்டின்னு சொல்லிக்கினு இருக்கறது? பொட்டியக் கட்டிக்கப் போறானா, பொண்ணக் கட்டிக்கப் போறானா?" என்று கத்தினார். தெருவே கேட்டது. அக்கா சுற்றிக்கொண்டிருந்த நூல் அறுந்துபோனது. முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

அதற்குப் பக்கத்து நாட்களில்தான் தட்டிக்குப் பின்னால் ஒரு பையன், மெட்ராஸில் தன் பெரியப்பா மகன் அந்தப் பெட்டியில் ஆடியே விட்டான் என்று சொல்லி எங்களிடம் மாட்டிக்கொண்டான். குவைத்துக்கே வராத பெட்டி மெட்ராஸுக்கு எப்படி வரும்? அவனைப் பேசவிடாமல் அடக்கிவிட்டோம். வீட்டுக்கு வந்து இதையும் ஒரு வேடிக்கையாக அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"எப்ப ஆடினானாம்?"

"அவன் புளுகுணி அக்கா."

"எந்தக் கடையில வாங்கினாங்கன்னு சொன்னானா?"

நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று அக்கா சொன்னாள்.

கோடை விடுமுறையில் சித்தியின் பையனுக்கு மொட்டையடிக்கத் திருப்பதி போனோம். மலையிலிருந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரியவர்கள் டிபனுக்கு உட்கார்ந்தார்கள். எனக்குப் பசியில்லை. இரண்டு கடை தள்ளி ஒரு எலக்ட்ரானிக் கடை இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பாக, மெலிதாக, சாமி மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது ஒரு பெட்டி. பக்கத்தில் வெள்ளித் தட்டு. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஓடி, பள்ளிக்கூடத் தெலுங்கில், இது எப்போது வந்தது என்று கேட்டேன்.

"சங்கராந்திக்கே வச்சிந்தி பாப்பா," என்றார் கடைக்காரர். சங்கராந்திக்கே வந்துவிட்டதாம், இப்போது பழைய சரக்கே ஆகிவிட்டதாம்.

எனக்கு ஒரே சந்தோஷம். பாவம், மாமாவுக்கு விஷயமே தெரியவில்லை. கடை கடையாகக் கேட்டுக்கொண்டு இருப்பார். நல்லவேளை, நான் பார்த்தேன். ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அக்கா கண்ணாடிக்கு எதிரில் நின்று பெட்டியைப் பார்த்தாள். மொட்டையடித்த தம்பிக்கு வாங்கிய பலூன் ஒன்று அவள் கையில் இருந்தது. பிறகு கடைக்காரரிடம், குவைத்தில் இது கிடைக்குமா என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, பெட்டி வந்த அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க அரபி எழுத்து. இதுவே குவைத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததுதானம்மா, அங்கே வந்த பிறகுதான் இங்கே வரும் என்றார்.

"வெள்ளிக்கிழம மாமாகிட்ட நான்தான் சொல்லுவேன்," என்றேன் நான். "நீ சொல்லக் கூடாது."

பஸ்ஸில் அக்கா எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக் கொடுத்தாள். நகரி வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. நைனா கத்தினார், அம்மா அழுதாள், ரிசீவர் என்னை நோக்கி வந்தது. நான் வாயைத் திறந்தே வைத்திருந்தேன். என் தலைக்கு மேலே ஒரு கை வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டது. அக்கா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மாமா, நாந்தான்," என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் ஒருவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "பொட்டி சங்கராந்திக்கே வந்துடுச்சி. திருப்பதியில பாத்தோம். பரவால்ல. நீ வர முடியுமா, முடியாதா? அத மட்டும் எங்கிட்ட சொல்லு."

அதன் பிறகு மாமாதான் பேசினார். நெடுநேரம் பேசினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து, பெட்டியைக் கேள் அக்கா, பெட்டியைக் கேள் என்றேன். தட்டிக்குப் பின்னால் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"செரி மாமா," என்றாள் கடைசியில். "ஒடம்பப் பாத்துக்கோ. வேளைக்குத் துன்னு." ரிசீவரை வைத்தாள். வைத்துவிட்டு, "புத்தூர்க்காரங்கள வரச் சொல்லு நைனா," என்றாள்.

மாமா அன்று என்ன சொன்னார் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொன்னாள். காண்ட்ராக்ட் முடியும் முன்பே வேலை போய்விட்டதாம். பாஸ்போர்ட் வேலை கொடுத்த முதலாளி கையிலேயே தங்கிவிட்டது. காகிதம் இல்லாததால் போலீஸ் கண்ணில் படாமல் ஒரு ரொட்டிக் கடையின் பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். எப்போது திரும்ப முடியும் என்று அவருக்கே தெரியாது. வெளியே தலை காட்ட முடியாத மனிதர் கேம் கடைக்கு எங்கே போவார்? பெட்டி வரப்போகிறது என்று எப்போதோ காதில் விழுந்ததற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. கப்பலும் டிவி வெடிப்பும் ஜப்பான் கூட்டமும், வாரா வாரம் நான் போனில் அனுப்பி வைத்ததுதான். நைனாவிடம் சொல்லக் கூசி, அம்மாவிடம் சொல்லப் பயந்து, கேட்கவே வழக்கமில்லாத அக்காவிடம்தான் அவரால் உண்மையைச் சொல்ல முடிந்தது.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பூத்துப் படியிறங்கியதும், "பொட்டி வராதா அக்கா?" என்றேன்.

"வராது பாப்பா."

நான் நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மாவும் நைனாவும் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை, கால் தரையில் இழுபட இழுபட, அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டாள். தாவணி முனையால் என் மூக்கைத் துடைத்தாள். அழாதே அழாதே என்று முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், பாப்பா ஏன் இப்படி அழுகிறது என்று கேட்டாள்.

"ரொம்ப ஆசப்பட்டுக்கினு இருந்துச்சி, கெடைக்கல, அதான்," என்றாள் அக்கா.

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நன்றாக எட்டிப் பார்த்தேன். அக்காவுக்கு அந்தப் பெட்டியின் மேல் உண்மையிலேயே அவ்வளவு ஆசை இருந்ததில்லை போலிருக்கிறது என்று, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நினைத்தேன்.