சுரண்டிய இலக்கம்

"நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இவர் எதற்காகக் கேட்கிறார் என்று சுகந்தினி ஒரு நொடி யோசிப்பாள். நிவித்திகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. காரணமும் தெரிந்ததுதான்.

இருபத்தாறு வயதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள் அவள். இங்கே கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு சம்பளம் இருந்தது. அங்கே இறங்கியதும் நீட்டிய தாளில் வேறொன்று இருந்தது. அனுப்பி வைத்த ஏஜென்டைக் கேட்கலாம் என்றால் அவனுடைய போன் வேலை செய்யவில்லை. ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பினாள். மற்றவர்கள் கம்பளியும் சென்ட் போத்தலும் கொண்டு வந்தார்கள். இவள் கொண்டு வந்தது ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு மைக்கும். அங்கே தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, ஊருக்குப் போகும்போது அரை விலைக்குக் கொடுத்தவை. பில் என்று எதுவும் கிடையாது.

தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று சும்மா கிடந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஒரு காலத்தில் குழந்தைகளை விட்டுச் சென்ற அறை. அதைத் தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்டு வாங்கி, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டூடியோ ஆக்கினாள். கோயில் திருவிழாவுக்குப் பக்திப் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, த்ரீவீலில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டுக்கொண்டு போகும் மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான் பதிவானது. தகரக் கூரையில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும். இந்தப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதனால் கருவியை வெளியே வாடகைக்கும் விட்டாள். அது வெளியே போன நாட்களில் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த நிலைமையில்தான் இரத்தினபுரியிலிருந்து காப்புறுதி முகவர் தனுஜா வந்து சேர்ந்தாள். ஏஜென்ட் என்ற சொல் காதில் விழுந்ததுமே சுகந்தினி கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினாள்.

"ரூமுக்குள்ள இருக்கிறதுக்கு மட்டும் போதுங்களா அக்கா? இல்ல வாடகைக்குப் போறதையும் சேக்கவா? அதுக்குத் தவணைப் பணம் கொஞ்சம் கூடும்."

"ஏன் கூடுது?"

"அடுத்தவங்க கையில இருக்கயிலதானே கூட ஒடையும்."

அது நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததுதான் சுகந்தினிக்குப் பிடிக்கவில்லை. பத்து நாள் யோசித்து, அந்தப் படிவத்தை மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்து, கடைசியில் இரண்டையும் சேர்த்தே போட்டாள். வாடகைக்குக் கொடுக்கும்போதெல்லாம் துண்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று தனுஜா சொன்னாள். அதற்குச் சுகந்தினி தலையாட்டினாள். தனுஜா கருவியைத் திருப்பி, அடியில் வெள்ளித் தாளில் இருந்த தொடர் இலக்கத்தைப் படம் எடுக்கப் போனபோதுதான் சுகந்தினி குறுக்கே கையை வைத்தாள்.

"படமெல்லாம் வேணாம். நான் வாசிக்கிறேன், எழுதிக்கங்க. முன்பக்கம் வேணுன்னா எடுத்துக்கங்க."

தனுஜாவும் வற்புறுத்தவில்லை. வெயில் ஏறுவதற்குள் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாதமே ஸ்ரான்லி வந்தான். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருப்பவன். நிவித்திகலையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாட்டுக் குழுவை நடத்துவான். பிள்ளைகள் பாடுவதைப் பதிய வேண்டும் என்றான். சுகந்தினி துண்டில் கையெழுத்து வாங்கினாள். அது போதாதென்று, கருவி திரும்பி வரும்வரை அவனுடைய அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். ஏன் சிரித்தான் என்று யோசித்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெளியே நின்று கருவியைத் தலைகீழாகத் திருப்பி, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் கள்ளன் உஷாராகிவிடுவான் என்பது அவளுடைய கட்சி. இரண்டு நாள் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்தாள். இதே மாதிரி செத்த கருவி ஒன்றை எங்கேயாவது வாங்கி, இந்த இலக்கத்தை அதில் ஒட்டி, நல்லதை வைத்துக்கொண்டு செத்ததைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். இலக்கம் இருந்தால்தானே ஒட்டுவான்? கருவி திரும்பி வந்த அன்றே பிளேடை எடுத்து அந்த வெள்ளித் தாளைச் சுரண்டித் தள்ளினாள். அவளுக்கு மட்டும் தெரிய, பெட்டரி மூடிக்கு உள்ளே சிவப்பு நகப் பூச்சில் ஒரு பொட்டு வைத்தாள். தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த ஒன்றரை வருடத்தில் ஸ்ரான்லி பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்துப் போய்ச் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தான். அது அவளுடைய சந்தேகத்தைக் குறைக்கவில்லை. நாள் பார்த்துக் காத்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

போன ஜூன் மாதம் கோயில் திருநாள் முடிந்து அவன் கருவியோடு திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆற்றோடு ஒட்டித் தாழ்வாகப் போட்ட சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓட, த்ரீவீல் நடுவிலே நின்றுவிட்டது. ஸ்ரான்லி வந்தபோது தலையிலிருந்து கால்வரை சேறு, முட்டியில் ரத்தம். கையில் இருந்த பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"தண்ணி திடீர்னு ஏறிருச்சிங்க அக்கா. பொட்டியத் தூக்கக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருச்சி. கீழ மூங்கில்ல மாட்டியிருந்திச்சி."

சுகந்தினி முட்டியைப் பார்க்கவில்லை. "ஒன் போன் நனையலயா?" என்று கேட்டாள்.

"அது மேல் சட்டப் பையில இருந்திச்சிங்க."

மறுநாள் காலை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம், "நல்லத வித்துட்டு செத்தத தண்ணியில போட்டிருக்கான்" என்றாள். மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவுக்கு மூன்று பிள்ளைகள் வரவில்லை. அடையாள அட்டை அவளுடைய அலுமாரியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் பெட்டரி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே சேற்றுக்கு நடுவே அவள் வைத்த சிவப்புப் பொட்டு இருந்தது. அவளுடைய கருவிதான். உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. காப்புறுதிப் பணம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

காப்புறுதிக் கம்பனியிலிருந்து பரிசோதகர் ஒருவர் தனுஜாவோடு வந்தார். சிங்களவர். செத்த கருவியைத் திருப்பிப் பார்த்தார்.

"மேக்கே நம்பர் ஏக்க கோ?"

இலக்கம் எங்கே என்றால் என்ன சொல்வது? பிளேடால் சுரண்டிய கதையைச் சுகந்தினி சிங்களத்திலேயே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது. பெட்டரி மூடியைத் திறந்து பொட்டைக் காட்டினாள். பொட்டை நேற்றுக்கூட வைத்திருக்கலாம் என்றார் அவர். நல்லதை விற்றுவிட்டு, எங்கேயோ கிடந்த செத்ததைக் காட்டிப் பணம் கேட்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்றும் சொன்னார். பீலிக்கரையில் அவள் சொன்ன அதே சொற்கள். அவர் அவளைப் பார்த்த பார்வையும் அவளுக்கு நன்றாகப் பழக்கமான பார்வைதான், இத்தனை நாளும் அவள் மற்றவர்களைப் பார்த்தது. முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

இரண்டு வாரத்துக்குள் அத்தாட்சி வேண்டும், இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்றார். புதிதாக ஒன்று வாங்க அவளுக்கு இன்னொரு குவைத் தேவைப்படும். நாற்பது வயதில் அதற்குத் தெம்பு இல்லை.

புறப்படும்போது தனுஜா மெதுவாகக் கேட்டாள். "என்னயத்தான் எடுக்க விடல்ல. வேற யாராச்சும் அந்த நம்பரப் படம் எடுத்திருக்காங்களா அக்கா?"

அன்று பின்னேரமே சுகந்தினி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்கினாள். ஸ்ரான்லி லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான், வாங்க என்று சொல்லவில்லை. அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவன் போனைத் திறந்து நீட்டினான்.

முதல் படத்தில் இலக்கம் பளிச்சென்று இருந்தது. பக்கத்து மூலையில் குறுக்கே ஓடிய ஒரு வெடிப்பும் இருந்தது. செத்த கருவியிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு.

"இத எதுக்கு எடுத்த?"

"வெடிப்பு இருந்திச்சில்லங்களா. பொறவு நான்தான் ஒடச்சேன்னு சொல்லுவீங்கன்னு."

அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அடுத்த தடவை வாங்கும்போது எடுத்தது. இலக்கம் இருந்த இடத்தில் பிளேடு கீறல்கள் மட்டும். அதற்கடுத்த படங்களிலும் அப்படியே.

"ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியுங்க."

"ஒரு வார்த்த கேக்கலயே."

"கேட்டா மெஷின் தர மாட்டீங்க. பிள்ளைங்க பாட்டப் பதியணுமே."

சுகந்தினி போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"மூனு பிள்ளைங்க இன்னும் வரல்ல அக்கா" என்றான் ஸ்ரான்லி.

"நாளைக்குக் காலையில பீலிக்கரையில சொல்றேன். நான்தான் பொய் சொன்னேன்னு எல்லார் முன்னுக்கும் சொல்றேன்."

அவன் படங்களை அவளுக்கு அனுப்பினான். அவள் அங்கேயே நின்று தனுஜாவுக்கு அனுப்பினாள். இது போதும் அக்கா, பயப்படாதீங்க என்று உடனேயே பதில் வந்தது.

சுகந்தினி அடையாள அட்டையை நீட்டினாள். ஸ்ரான்லி அதை வாங்கி முன்பக்கம் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். இலக்கம் இருந்த இடத்தைப் பெருவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான்.

"நம்பர் இருக்குங்க" என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

எதற்காக அப்படிச் செய்தான் என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.