நாத்தனாருக்காக ஏலம் கேட்ட அறை

நாத்தனார் குடும்பத்தை ஹோட்டலில் தங்க வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தபோது, குழந்தையின் துணிகளை மூங்கில் கழியில் கோத்துக்கொண்டிருந்தேன். எண்ணம் வந்ததும் சுற்றிலும் பார்த்தேன், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்பதுபோல. சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுச் சமையலறையில் என்னையும் கைக்குழந்தையையும் தவிர யாரும் இல்லை.

எங்கள் உறவினர்களிடையே இது சின்ன விஷயம் இல்லை. வீடு எத்தனை சிறியதானாலும் ஹாலில் பாய் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுத்தால்தான் உறவு. என் கணவரின் சித்தப்பா ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பத்தை வீட்டில் இடமில்லை என்று லாட்ஜுக்கு அனுப்பினார். அவர்கள் விருந்துச் சாப்பாட்டைத் தொடாமலேயே ஊருக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் பேய்க் கதைக்குப் பதிலாக இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

நாத்தனார் மலேசியாவில், ஈப்போவில் இருந்தார். என் மாமியார் சீக்கிரமே இறந்துவிட்டதால் என் கணவரை வளர்த்தது அவர்தான். எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்ததும், ஞானத்தாய் யார் என்ற கேள்வியே எழவில்லை. அவரும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவரும், இரண்டு பையன்களும் சனிக்கிழமை ரயிலில் வருவதாக இருந்தது. அவர் மனம் கோணிவிட்டால் கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்த ஆள் இருக்காது. அதைவிட, என் கணவர் என்னை எதுவும் சொல்லமாட்டார். சொல்லாமலே வருத்தப்படுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆனால் எங்களுடையது ஈரறை வீடு. அதாவது ஒரு படுக்கையறை, ஒரு ஹால். போன முறை வந்தபோது நாத்தனாரின் கணவர் சிமெண்டுத் தரையில் பாயில் படுத்து, காலையில் இடுப்புப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் தவித்தார். பையன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து நாற்காலியைத் தூக்குவதுபோல அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். "ஒண்ணும் இல்லம்மா, காப்பி குடு," என்று சிரித்தாரே தவிர, ஊருக்குப் போய் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. இப்போது குழந்தை வேறு. ஹாலில் ஒரு கரண்டி விழுந்தால் சாரோங் துணித் தொட்டிலில் விழித்துக்கொண்டு அரை நாள் அழுவாள்.

அண்ணனின் இடுப்புக்காகத்தான் ஹோட்டல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நிமிடம் கழித்து, இல்லை, உன் தூக்கத்துக்காகத்தான் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டில் எது உண்மை என்று முடிவுசெய்ய முடியாததால், இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு, எவ்வளவு ஆகும் என்று மட்டும் விசாரிப்போம் என்று நினைத்தேன். விசாரிப்பதில் என்ன தப்பு?

எண்பதுகளின் நடுவில் ஊரெங்கும் புதிது புதிதாக ஹோட்டல்கள் முளைத்திருந்தன. வரவேண்டிய சுற்றுப்பயணிகள்தான் வரவில்லை. எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் என்னுடன் பாடும் ஒரு தோழி ஆர்ச்சர்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். பாட்டுப் பயிற்சி முடிந்து படியிறங்கும்போது அவளிடம் மெல்லக் கேட்டேன்.

"பேப்பர்ல போட்டிருக்கற ரேட்டா? அது டூரிஸ்டுக்கு லா. எங்க ஹோட்டல்ல பாதி மாடில லைட்டே போடறதில்ல. நீ போன் பண்ணி, லோக்கல், வீக்கெண்டுக்கு மட்டும் வேணும்னு சொல்லு. இறங்கி வருவாங்க."

"எவ்ளோன்னு கேட்கறது?"

"நீ கேட்கவே கூடாது. அவங்க வாயால வரணும். வந்ததும், அப்படியாங்கன்னு சும்மா இரு. இன்னும் இறங்குவாங்க. நீ முதல்ல ரேட்டு சொன்னே, போச்சு!"

தேக்கா சந்தையில்கூட நான் விலை பேசியதில்லை. சொன்ன விலைக்குக் கத்தரிக்காய் வாங்கி வந்து, பக்கத்து வீட்டில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேட்டு வருத்தப்படுவதே என் வழக்கம். இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள் இல்லையா, பாடத்தைச் சரியாகச் செய்வோம் என்று மறுநாள் குழந்தை தூங்கியதும் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் ஹோட்டலில் முழு விலை சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். எதற்கு மன்னிப்பு என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டாவது ஹோட்டல் தானாகவே கால் பங்கு இறங்கியது. எனக்குத் தைரியம் வந்தது. மூன்றாவது இடத்தில், "இன்னொரு ஹோட்டலில் இவ்வளவுக்குத் தருகிறார்களே," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் அதைவிட ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர், குறைத்தாள். மறுபடி இரண்டாவது ஹோட்டலைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அங்கே இன்னும் ஐந்து இறங்கியது. வீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு ஹோட்டல்களை ஏலத்தில் நிறுத்திவிட்டேன் என்று கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. முகம் கழுவி வந்து நான்காவது எண்ணைச் சுழற்றினேன்.

அது ஃபேரர் பார்க் பக்கத்து ஹோட்டல். பேசியவர் இளைஞர், நிதானமான குரல். நடுவில் குழந்தை விழித்து ஒரு முறை வீறிட்டு அடங்கினாள். நான் எல்லாம் சொல்லி முடித்ததும் கேட்டார், "நீங்கள் எவ்வளவு தர நினைக்கிறீர்கள், மேடம்?"

இதற்குத் தோழி பாடம் சொல்லித் தரவில்லை. சும்மா இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்றே வளர்க்கப்பட்டவள் நான். போனில் அந்த மௌனம் வளர்ந்துகொண்டே போனது. "அறுபது வெள்ளி," என்று வாய் சொல்லிவிட்டது.

"ஓகே, கேன், தரலாம்!" என்றார் அவர், நான் மூச்சு விடுவதற்குள். குடும்ப அறை, பெரிய கட்டில் இரண்டு. நாளைக்குள் நேரில் வந்து பணம் கட்டிவிட வேண்டும், கட்டினால் திரும்பக் கிடைக்காது.

என் சந்தோஷம் போனை வைக்கும் வரைதான் நீடித்தது. அவ்வளவு சீக்கிரம் ஏன் ஒத்துக்கொண்டார்? ஐம்பது என்றிருந்தால் அதற்கும் தந்திருப்பாரோ? அல்லது அறையில் ஏதாவது கோளாறா? ஜன்னல் இல்லையோ? லிஃப்ட் பக்கமோ? அன்று முழுக்கக் கஞ்சி கிண்டும்போதும் இதே யோசனை.

மறுநாள் காலை ஒரு காரியம் செய்தேன். என் பழைய தலைமையாசிரியையின் குரலை வரவழைத்துக்கொண்டு, மூக்கால் பேசி, அதே ஹோட்டலைக் கூப்பிட்டேன். வேறொரு குடும்பத்துக்கு வார இறுதியில் அறை வேண்டும், ஐம்பது வெள்ளிக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லும் முன் தொட்டிலில் என் மகள் வீறிட்டாள்.

அவர் அந்த அழுகையைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு, "மேடம், இது நேற்று அழுத குழந்தைதானே?" என்றார்.

மூக்குக் குரலை மறந்து, ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். "ஐம்பதுக்குக் கொடுத்தால் என் மேலாளர் என்னையும் இப்படி அழவைப்பார். காலைச் சாப்பாட்டை இலவசமாகச் சேர்த்துவிடுகிறேன். தயவுசெய்து மூன்றாவது தடவை வேறு யாராகவும் கூப்பிடாதீர்கள்."

முதல் நாள் இரவே நான் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், என் கணவர் வேலை முடிந்து போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். அறையில் ஜன்னல் இருக்கிறது, திடல் தெரிகிறது என்று சொன்னார். உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, "அக்காகிட்ட நீயே சொல்லிடு," என்றார்.

"நானா? உங்க அக்கா!"

"எனக்குச் சொல்ல வராது. நீ படிச்சவ, பதமா சொல்லுவே."

சனிக்கிழமை மதியம் என் கணவர் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து அவர்களை டாக்ஸியில் அழைத்து வந்தார். கதவைத் திறந்தேன். முதலில் உள்ளே வந்தவை பாய்கள். சுருட்டிக் கயிறு கட்டிய புதுப் பாய்கள், ஆளுக்கொன்று. அவற்றைச் சுமந்துகொண்டு பின்னால் நாத்தனார்.

"போன தடவ பாய் பத்தலன்னு நீ எவ்ளோ சங்கடப்பட்டே! அதான் நானே கொண்டாந்துட்டேன். எங்க வைக்கட்டும்?"

கணவரைப் பார்த்தேன். அவர் அண்ணனின் பையை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். இரண்டே அடி வைத்தால் முடிந்துவிடுகிற வீட்டில் எங்கே போனார் என்றே தெரியவில்லை.

பதமாகச் சொல்ல ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அக்கா, ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கேன்," என்றேன்.

"யாருக்கு?"

"உங்களுக்கு."

பாய்களைக் கையில் வைத்தபடியே நின்றார். அண்ணன், "ஹோட்டலா? ஏ சி இருக்குமா?" என்று ஆர்வமாகக் கேட்டார். நாத்தனார் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பாய்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நாத்தனார் நேராகச் சமையலறைக்குள் போனார். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"உண்மையைச் சொல்லு. நாங்க வந்தது உனக்குப் பாரமா இருக்கா?"

"இல்லக்கா. அண்ணனுக்கு இடுப்பு... போன தடவ..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாதியை மட்டும் சொல்ல முடியவில்லை. "எனக்கும் முடியலக்கா. இவ பொறந்ததுல இருந்து நான் சரியாத் தூங்கவே இல்ல. வீடு நெறய ஆளுங்க இருந்தா, யாரு முழிச்சுக்குவாங்க, யாருக்கு என்ன கொறைன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நாளைக்குக் கோவில்ல மயங்கி விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். என்னைப் பார்த்துக் குழந்தையும் தொடங்கினாள்.

அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு மூத்தவன் பொறந்தப்ப எங்க வீட்டுல தீபாவளிக் கூட்டமாட்டம் ஆளு," என்றார், தட்டிக்கொடுத்தபடியே. "நான் சமையக்கட்டுல அரிசி மூட்டைய அணைச்சுக்கிட்டு படுப்பேன். ஒருத்தரும் எனக்கு ரூம் போட்டுத் தரல." கொஞ்சம் யோசித்தார். "எவ்ளோ குடுத்தே?"

சொன்னேன்.

"அவன் சொன்ன வெலையா, நீ கேட்ட வெலையா?"

"நான் கேட்டது. உடனே சரின்னுட்டாரு."

"அட மக்கு! இன்னும் கொறச்சுல்ல கேட்டிருக்கணும்!" என்றார். சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. சிரித்து முடித்ததும் கறாராகச் சொன்னார். "இந்தா பாரு. எங்கள மட்டும் அனுப்பிட்டு நீங்க இங்க இருந்தா, அதுக்குப் பேரு வெரட்டறது. ஊருல நான் மூஞ்சி காட்ட முடியாது. அதே நீயும் என்கூட வந்தா, அதுக்குப் பேரு விருந்து. ஆம்பளைங்க நாலு பேரும் இங்க கெடக்கட்டும். உங்க கட்டில்ல அண்ணன் படுக்கட்டும், மெத்த இருக்குல்ல. தம்பியும் பசங்களும் பாயில படுக்கட்டும். நாம மூணு பேரும் ஹோட்டலுக்குப் போவோம்."

"அவங்க சாப்பாடு? காலைல காப்பி?"

"கைகால் இருக்குல்ல நாலு பேருக்கும்?"

ஹாலில் அண்ணனின் குரல் ஏக்கமாகக் கேட்டது. "அப்ப ஏ சி எனக்கு இல்லையா?"

சாயங்காலம் நாங்கள் மூவரும் டாக்ஸி ஏறினோம். வழியெல்லாம் கேஸை அணைத்தேனா, குழந்தையின் கிரைப் வாட்டரை எடுத்தேனா, ஆண்களால் ஞானஸ்நான உடுப்பைக் கசக்காமல் கொண்டுவர முடியுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். நாத்தனார் டாக்ஸியை நிறுத்தச் சொன்னார். சிராங்கூன் ரோட்டில் இறங்கி தோசை சாப்பிட வைத்தார். மல்லிகைச் சரம் வாங்கிப் பாதியை என் தலையில் வைத்துவிட்டார்.

அறை எட்டாவது மாடியில் இருந்தது. நாத்தனார் முதலில் குளியலறைக் குழாய்களை எல்லாம் திறந்து பார்த்தார். பிறகு படுக்கை விரிப்பைத் தூக்கி மெத்தையைப் பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்து, கீழே திடலில் பையன்கள் பந்து விளையாடுவதைக் கண்டதும், "பாவம், அண்ணன் இதப் பாக்காம போயிட்டாரே," என்று மிகவும் சந்தோஷமாகச் சொன்னார். தொட்டில் கட்டக் கொக்கி இல்லை, குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிடுவாளே என்று நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு கட்டில்களையும் ஒன்றாகத் தள்ளிச் சேர்த்தார். சுவர்ப் பக்கம் தலையணைகளால் அணைகட்டினார். நடுவில் குழந்தை, இந்தப் பக்கம் அவர்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிப் படு. இவ அழுதா நான் பாத்துக்கறேன். பால் கேட்டா மட்டும் எழுப்பறேன்."

வீட்டுக்கு ஒரு போன் செய்துவிட்டுப் படுக்கிறேன் என்றேன். போனில் என் கணவர், "எல்லாம் நல்லா இருக்கு, தூங்கு," என்றார். பின்னால் பெரிய சத்தமாகச் சிரிப்பு கேட்டது. நான்கு பேரும் ஏதோ டின் மீனைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்களாம். அங்கே என்னைத் தேடுவார் யாருமில்லை என்று கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. தலையணையில் தலை வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது வெளிச்சம்தான். ஜன்னல் பக்கம் நாத்தனார் நின்று, தோளில் கிடந்த குழந்தைக்கு பஸ்ஸையோ பறவையையோ காட்டிக்கொண்டிருந்தார்.

"நடுவுல எழுப்பினேன், பால் குடுத்தே, மறுபடி தூங்கிட்டே. அதுகூட உனக்குத் தெரியல," என்றார்.

இலவசச் சாப்பாட்டில் அவர் மூன்று முறை பப்பாளி எடுத்தார். முட்டை எப்படி வேண்டும் என்று பரிமாறுபவர் கேட்டதும், "உங்களுக்கு எது சுலபமோ அது," என்று நான் சொல்ல, "ஆம்லெட்! வெங்காயம், பச்ச மொளகா போட்டு," என்று அவர் திருத்தினார்.

மாலையில் கோவிலில் ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. உடுப்பு கொஞ்சம் கசங்கித்தான் இருந்தது. அண்ணன் நிமிர்ந்து நின்றார். தண்ணீர் ஊற்றியபோது என் மகள் நாத்தனாரின் கையில் கிடந்தபடி சாமியாரை முறைத்துப் பார்த்தாளே தவிர, அழவில்லை.

வெளியே எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் பங்கில் எல்லார் வீட்டு விஷயத்தையும் அறிந்துவைத்திருக்கும் ஓர் அம்மாள் நாத்தனாரிடம் வந்தார். "ராத்திரி ஹோட்டல்ல இருந்தீங்களாமே? ஏன், வீட்டுல ஏதாவது...?" என்று இழுத்தார். 

"ஆமா, ஹோட்டல்தான்!" என்றார் நாத்தனார், முற்றமே கேட்கும்படி. "என் தம்பி பொண்டாட்டி ரூம் போட்டா. நானும் அவளும் இந்தச் சின்னவளும் ஒரே கட்டில்ல படுத்தோம். ஆம்பளைங்களுக்கு வீட்டுல பாயி."

அந்த அம்மாள் தன் கேக்கில் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு என் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "என்ன ரேட்டும்மா போட்டாங்க?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாதே, வாயைத் திறந்தேன்.

நாத்தனார் முந்திக்கொண்டார். "அதெல்லாம் எங்க வீட்டு விஷயம்," என்றார். என் கையைப் பிடித்து, அண்ணன் இரண்டாவது துண்டு கேக்கை வெட்டிக்கொண்டிருந்த மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.