கடலுக்குப் போகாத பாறை

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நிற்கிறேன். துறைமுகம் கட்டுகிறவர்களுக்குக் கடலை நிரப்பக் கல் தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. போன வாரம் எங்கள் ஆட்கள் சிவப்புப் பெயின்டால் வட்டம் போட்டுவிட்டு வந்த பாறை, இன்று மஞ்சள் துணியும் சூலமுமாகக் கற்பூரப் புகையில் நிற்கிறது. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண் ஒருவர் கொழுந்துக் கூடையோடு வருகிறார்.

"சப்பாத்தக் கழட்டுங்க சார், சாமி இருக்கு."

"சாமி எப்ப வந்துச்சு?"

"ஒங்க ஆளுங்கதானே பொட்டு வச்சுட்டுப் போனாங்க!"

நான் முறைக்கிறேன். அவர் சிரிக்கவேயில்லை.

"வெடி வச்சா லயம் இடிஞ்சிரும்னு சொன்னோம், யாரும் கேக்கல. சாமி சொன்னா கேப்பீங்கல்ல?"

சுத்தியலைப் பைக்குள் திணித்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக் கும்பிடுகிறேன். அவர் என் நெற்றியிலும் குங்குமம் வைக்கிறார். நல்லது, இனி என்னையும் யாரும் வெடி வைத்துத் தகர்க்க முடியாது.