முப்பத்தெட்டு முகமும் பதினாறு எம்.பி.யும்

வீட்டில் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுக்கும் வேலையில், அடிப்பதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். "மெஷின் மேல தப்பு இல்லக்கா, அதுக்கு இடம் பத்தல" என்று எனக்கு முதலில் சொன்னவர், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்த வேலு. தொண்ணூற்றெட்டில், தவக்காலத்தில் சொன்னார். திரையில் மணல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காப்பியை ஆறவிட்டவர்களுக்கு என் பாடு புரியும்.

சாமிக்கும் சாமான்

நான் எட்டாவது வரை படித்தவள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின், மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் தமிழ் டைப் பழகினேன். திருமுல்லைவாயில் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், இறந்தவர்களுக்கு நினைவு அட்டை எல்லாம் செய்துகொடுத்தேன். இரண்டு வேலையைச் சேர்த்துத் திறந்தால் மெஷின் மலைத்து நின்றுவிடும். அதன் தலையில் கைவைத்து ஒரு அருள்நிறை மரியே சொல்வேன். சில நாள் கேட்கும்.

வேலு பெட்டியைக் கழற்றி, விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டையைக் காட்டினார். மெமரி என்பது அதுதானாம். அலமாரியில் எவ்வளவு துணி இருந்தாலும், விரித்து வெட்ட மேஜை வேண்டுமே, அந்த மேஜை. கூட ஒரு பட்டையைச் சொருகி எட்டு எம்.பி. மெமரியைப் பதினாறு ஆக்கினார். கால் மணி நேரம் முக்கி முக்கி வந்த பக்கம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்து நின்றது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வேலு சிரித்தார்: "ஜெபம் பண்ணுக்கா, வேணாம்னு சொல்லல. சாமிக்கும் கொஞ்சம் சாமான் வாங்கிக் குடு."

உள்ளே ஓடும் மில்

அதைவிட அதிசயம் ஒன்று இருந்தது. மேஜை நிறைந்துவிட்டால், மெஷின் அலமாரியிலேயே, அதாவது எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் ஹார்ட் டிஸ்கிலேயே, காலியாக இருக்கும் ஒரு தட்டை எடுத்து, அதையும் மேஜையாக்கிக்கொள்ளுமாம். விர்ச்சுவல் மெமரி என்று பெயர். இல்லாத இடத்தை இருப்பதாக வைத்து வேலை நடத்துகிற அறிவை மனிதனுக்குக் கொடுத்த கடவுளை நினைத்து, அன்று ஜெபமாலையில் எனக்குக் கணக்கே தவறியது.

தட்டு மாற்றும்போது பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் வரும், சிவப்பு விளக்கு துடிக்கும். தீமிதி நோட்டீஸ் அடிக்க வந்திருந்த முனுசாமி ஐயா, ஊரில் பழைய விவசாயக் குடும்பம், காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டார். "இன்னாம்மா, உள்ள நெல்லு அரைக்கிதா? தவிடு எந்தப் பக்கம் வரும்?"

நாலே எம்.பி.

கள்ளிக்குப்பத்து ஸ்டெல்லா ஒரு மத்தியானம் வந்தாள். மறுநாள் காலை அவள் புருஷன் அந்தோணிக்கு முப்பதாம் நாள் பூசை. படத்தோடு அட்டை வேண்டும். போட்டோ என்றாலே ஓடுகிற மனுஷனாம். இருந்தது வேலைக்குப் போன இடத்து அடையாள அட்டையில் நகத்தளவு முகம்தான். அதைப் பெரிதாக ஸ்கேன் செய்தேன். இடம் போதவில்லை என்று மெஷின் படத்தைத் திறக்க மறுத்தது. மூன்று தரம்.

வேலுவுக்குப் போன் போட்டேன். "அந்த அலமாரில, சி டிரைவ்ல, எவ்ளோ காலி கீது, பாருக்கா." பார்த்தேன். நாலு எம்.பி. "நாலா? அது எங்கக்கா தட்டு போடும்? அப்படி இன்னாத்த சேத்து வச்சிகினுகீற?" சொல்ல வெட்கமாக இருந்தது. நினைவு அட்டைக்காக ஸ்கேன் செய்த முப்பத்தெட்டு பேர் முகத்தையும் நான் அழித்ததே இல்லை. இறந்தவரை இன்னொரு தரம் அழிப்பதா என்று மனசு வரவில்லை. ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். வேலு மெல்லச் சொன்னார்: "பேரெல்லாம் ஒரு ஃப்ளாப்பியில அடங்கும்க்கா. படத்த எடுத்துடு. அந்தம்மா காத்துகினு கீதில்ல."

அழித்த நேரம்

உண்மையாகவே முப்பத்தெட்டு பெயரும் ஒரே ஃப்ளாப்பித் தகட்டில் அடங்கி, இன்னும் இடம் மிச்சம் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு ஒவ்வொரு பெயராக வாசித்து, இறந்தவர்களுக்கான "நித்திய இளைப்பாற்றி" ஜெபம் சொல்லி, படத்தை அழித்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னாள். முடித்துப் பார்த்தால் அதே நாலு எம்.பி. அழித்ததெல்லாம் திரை ஓரத்துக் குப்பைத் தொட்டிப் படத்துக்குள் கிடந்தது. முனியம்மா, சவரிமுத்து, எல்லாரும் குப்பையில்! மவுசைவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். ஸ்டெல்லாதான் என் மணிக்கட்டைப் பிடித்தாள்: "அவங்க அங்க இல்லக்கா. காலி பண்ணுங்க."

மேலிருந்து வந்த முகம்

காலி செய்து, மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். படம் திறந்தது, ஆனால் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் முடி. அப்புறம் நெற்றி, அதில் நகத்தளவில் தெரியாமல் இருந்த ஒரு தழும்பு. புருவத்தில் நின்று கரகரவென்று அரைத்தது. எனக்குப் பதற்றம். "இன்னும் மெமரி போட்டிருக்கணும், மன்னிச்சுக்கம்மா" என்றேன். ஸ்டெல்லா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மெதுவாவே வரட்டும்க்கா."

உங்கள் வீட்டு மெஷினுக்கும் மெமரி கூட்டுங்கள், தட்டுக்கு இடம் விடுங்கள், வேகம் நல்லதுதான். ஆனால் திரையில் ஒரு முகம் இறங்கிவரும்போது மவுசைத் தட்டித் தட்டி அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்தில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.