ஒரு வருஷத்துக்கு விட்டுக்கொடுத்த பாடு

போன வாரம் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகள் கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள். "நைனா, இத்த பாரேன். ஐஸ் மேல ஹாக்கி ஆடுறாங்க." மீன் கையால் தொட்டால் திட்டுவாள் என்று கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தரையில் ஆட்கள் வழுக்கிக்கொண்டு பறந்தார்கள். அதில் ஒருவன், முன்வரிசை ஆட்டக்காரன், லாட்வியா என்ற நாட்டுக்காரனாம். பிறந்த ஊர் அணியில் தொடங்கி, கடல் தாண்டிப் போய், நாலைந்து நாடுகளில் யார் யாருக்கோ ஆடிவிட்டு, வயசான பிறகு திரும்பவும் பிறந்த ஊர் அணிக்கே வந்துவிட்டானாம். மகள்தான் படித்துச் சொன்னாள்.

எனக்கு அவன் ஊரும் பேரும் நிற்கவில்லை. மனசில் நின்றது வேறு. ஒரு நிமிஷம்கூட ஆடியிருக்க மாட்டான், தானாகவே ஓரத்துப் பலகைக்கு வந்து தாண்டிக் குதித்து உட்கார்ந்துவிட்டான். அவன் வந்த வேகத்தில் இன்னொருவன் உள்ளே குதித்தான். "அடிபட்டுச்சா?" என்றேன். "இல்ல நைனா, அங்க அப்டித்தான். மாத்தி மாத்தி ஆடணும்" என்றாள். நண்டு என் விரலைக் கடித்தது. கடித்ததாலா, அவள் சொன்னதாலா தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

அந்த வெள்ளைத் தரை எனக்குப் பழக்கமானது. கோடையில் எங்கள் உப்புத்தண்ணீர் ஏரி உள்வாங்கினால் எங்கள் குப்பத்துக்கு மேற்கே உப்புப் பூத்து ஒரு பெரிய திடல் கிடக்கும். நானும் ஏகாம்பரமும் ஹாக்கி ஆடியது அங்கேதான். மட்டைகள் பொன்னேரிப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் கொடுத்தவை. திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் அந்த மட்டைகளோடு ஏறினால், நெல் மூட்டையோடு ஏறுகிறவர்களைவிட எங்களைத்தான் கண்டக்டர் அதிகமாகத் திட்டுவார். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அவன் பார்க்காமலே பந்தைத் தள்ளுவான், நான் அங்கே இருப்பேன். என்னைவிட அவன் ஆட்டம் அழகு, அவனைவிட நான் வேகம். இதை நான் சொன்னால் பெருமை என்பீர்கள், டிரில் மாஸ்டரே சொன்னதுதான்.

பள்ளி முடிந்து இரண்டு வருஷம் வலை இழுத்துக்கொண்டே ஆடினோம். அப்போது சென்னையில் ஒரு தொழிற்சாலை அணியின் மேனேஜர் பொன்னேரிக்கு வந்து எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். ஆட்டத்துக்காகவே வேலை, சம்பளம், தங்க இடம். ஆனால் ஓர் இடம்தான். "ரெண்டு பேருமே ஓகே. யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த வருஷம் இன்னொரு ஃபார்வர்ட் ரிடையர் ஆகறார், அப்ப மத்தவரைப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? பாடு போடுவார்கள். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். யார் பேர் வருகிறதோ அவனுக்கு முதல் முறை, மற்றவனுக்கு அடுத்த முறை. அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். அதில் சண்டை கிடையாது. வீட்டில் கஷ்டம் என்றால் ஒருவன் இன்னொருவனிடம் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தன் முறை வந்ததும் திருப்பிவிடுவான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. நாங்களும் சீட்டுப் போட்டோம். என் பேர் வந்தது.

மறுநாள் ஏகாம்பரம் படகடியில் வந்து நின்றான். அந்த மாதம்தான் அவர்கள் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து உடைந்திருந்தது. "டேய், ஊட்ல தொழிலே இல்லடா. உன் பாட்டை எனக்குக் குடு. ஒரு வருசந்தான். அப்பால நீ வந்துடு, நானே சார்கிட்ட சொல்லி இட்டுகினு போறேன்." நான் யோசிக்கவே இல்லை. "இன்னாடா, இதுக்குப் போயி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு. நீ போ" என்றேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் போய் ரயிலேற்றிவிட்டேன். என் மட்டைதான் நல்ல மட்டை என்று அதையும் கொடுத்தேன். முட்டாள்தனத்தில் நான் குறை வைக்கிறவன் இல்லை.

ஒரு வருஷம் தினமும் சாயங்காலம் உப்புத் தரையில் தனியாக ஓடினேன். ஏரியில் தண்ணீர் ஏறியதும் கடற்கரை மணலில் ஓடினேன். வருஷம் முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அவனிடமிருந்து சேதி இல்லை. பாடு தள்ளிப்போவது உண்டுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அவன் விட்டுப்போன மட்டையைப் பழைய வலைத்துணியில் சுற்றிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன்.

மைதானத்தில் மேனேஜர் என்னைப் பார்த்ததும் முதலில் கீழே, என் கால்களைப் பார்த்தார். "நீயா? கால் சரியாயிடுச்சா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "போன மாசம்தான் அந்த இடத்துக்கு ஆள் போட்டோம். உன்னைத்தான் முதல்ல கேட்டேன். படகுல மாட்டி கால் உடைஞ்சு போச்சு, இனிமே ஆட மாட்டான்னு உங்க ஊர்ப் பையன் சொன்னானே."

நான் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் ஏகாம்பரம் என் மட்டையோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். உடனே குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கட்டிக்கொண்டே இருந்தான். நான் வந்தால் வேகத்தில் தன்னை உட்கார வைத்துவிடுவேன் என்று பயந்திருப்பான். என்னிடம் சொல்லியிருந்தால் இன்னொரு வருஷம்கூடக் காத்திருப்பேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. மேனேஜரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் பொய்க்காரன் என்றால் எங்கள் குப்பமே பொய்க்காரக் குப்பம் என்றாகிவிடுமே என்று, அந்த நேரத்திலும் அப்படி ஒரு நினைப்பு எனக்கு.

ஏகாம்பரம் பதினைந்து வருஷம் ஆடினான். நாலு அணி மாறினான், பொன்னேரியில் வீடு கட்டினான். அந்த லாட்வியாக்காரன் மாதிரி பிறந்த குப்பத்துக்குத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இப்போது பாதி மறந்துவிட்டது.

ஆனால் உங்களிடம் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து திரும்பிய அந்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு முனுசாமி வந்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "அண்ணே, இந்த வாரப் பாட்டை எனக்கு உடுங்கண்ணே. அடுத்த வாரம் என்து வருது, எட்த்துக்குங்க" என்றான். எங்கள் குப்பத்தில் அதுவரை யாரும் யாருக்கும் சொல்லாத பதிலை நான் சொன்னேன். "முடியாது" என்றேன். அவன் கோபப்படவில்லை. காதில் சரியாக விழவில்லை என்பதுபோல இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் வேறொருவன் கேட்டபோது முனுசாமி முடியாது என்றான். அப்புறம் அந்த வேறொருவனும் இன்னொருவனிடம் அதையே சொன்னான். இப்போதும் கோயில் முன்னால் சீட்டு எடுக்கிறார்கள், பேர் வந்தவன் தன் பாட்டுக்குத் தானே போகிறான். அந்த உப்புத் திடலில் வருஷம் பூராவும் தண்ணீர் நிற்கிறது. பாட்டைக் கேட்டு வாங்குகிற வழக்கம் ஒன்று இருந்தது என்று சொன்னால் மகள் நம்பமாட்டேன் என்கிறாள். "கேட்டா குட்த்துடுவாங்களா நைனா? யாரு அதை நிறுத்துனது?" என்றாள். ஏகாம்பரம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.